மாமனார் பேர்

பதினோராவது அத்தியாயம்

அண்ணன் சங்கிலிப்பாண்டி பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். மறுநாள் நடந்ததை எழுத இரண்டு மூன்று முறை தொடங்கிக் கிழித்துப் போட்டுவிட்டேன். யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்னும் தெளியவில்லை. அதனால் நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

சண்டை பள்ளிக்கூடத்தைப் பற்றியது. என் அக்கா பாலம்மாள் எங்கள் ஓடைவலசை ஆரம்பப் பள்ளியில் இரண்டாவது டீச்சர். நாற்பது பிள்ளைகள் இருந்தால்தான் அந்த இரண்டாவது இடம் நிற்கும். ஒரு பிள்ளை குறைந்தாலும் அக்காவை வேறு ஊருக்குத் தூக்கிப் போட்டுவிட்டு, ஐந்து வகுப்பையும் ஹெட்மாஸ்டர் தலையில் கட்டிவிடுவார்கள்.

அக்கா வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் மூன்றாவதைத் தாண்டுவது அபூர்வம். இப்போது ஐந்தாம் வகுப்பில் ஏழு பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். "டீச்சரம்மா இருக்காகல்லா" என்று சொல்லித்தான் தாய்மார் அனுப்புகிறார்கள். அக்கா போனால் அந்த ஏழு பேரும் மறுநாளே களை பறிக்கப் போய்விடுவார்கள்.

பிள்ளைகளோ வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். பட்டாளத்துக்கும் போலீஸுக்கும் போனவர்கள் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கொஞ்சம் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் தென்காசிக்கு பஸ் ஏறுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களில் ஆறு பேரை, சாரல் தொடங்கியதும், அண்ணன் குற்றாலத்துக்கு அழைத்துப் போய்விடுவான். அருவிக்கரையில் அவனுக்கு எண்ணெய், சீயக்காய்க் கடை. குளிக்கிறவர்களின் துணிமணிக்குக் காவல் நிற்க அவனுக்குப் பிள்ளைகள் வேண்டும்.

பிள்ளைகளைத் தலை எண்ண இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. வியாழக்கிழமையே வந்துவிட்டார்.

அன்று காலை நான் தெருக்குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றேன். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு மேலே அக்காவின் முகம் தெரிந்தது.

"ஏட்டி உலகு! இங்கன வா."

குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"வந்துட்டாரு" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. "அஞ்சாப்புலருந்து பேரு கூப்புடுதாரு. ஒவ்வொருத்தரா வாசிக்கச் சொல்லிட்டு மெதுவாத்தான் போறாரு. மூணாப்பு முடியதுக்குள்ள அண்ணங்கிட்டருந்து அந்த ஆறு பேரையும் கூட்டிட்டு வந்துரு."

"நான் சொன்னா அண்ணன் கேக்குமா?"

"கேக்கலன்னா அழு."

"எனக்கு நெனச்ச உடனே அழுகை வராதுக்கா."

"மூதேவி, போட்டி!"

வரப்பில் ஓடி, மெயின் ரோட்டில் குற்றாலம் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. அருவியில் நல்ல தண்ணீர் என்று மதுரை வரைக்கும் செய்தி போயிருக்கும் போல. எண்ணெய்த் தலைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, அண்ணனிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று மனசுக்குள் அடுக்கினேன். இறங்கும்போது அடுக்கியது எல்லாம் கலைந்துவிட்டது.

பேரருவிச் சத்தத்தில் கடைக்காரர்கள் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள். அண்ணன் என்னைப் பார்த்ததும் கத்தினான்.

"என்னட்டி, டைப் கிளாஸுக்குப் போகாம அருவிக்கு வந்துட்ட?"

"கிளாஸ் சாயங்காலம்ணே. இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு. பிள்ளையள அனுப்பு."

"நாளைக்குன்னுல்லா உங்க டீச்சரம்மா சொன்னா?"

"இன்னைக்கே வந்துட்டாரு."

"வருவாருல்லா. தண்ணி விழுதுன்னு கேள்விப்பட்டுருப்பாரு. பள்ளிக்கூடத்த எண்ணிட்டு அப்படியே ஒரு குளியலப் போட்டுட்டுப் போவலாம்னு நெனச்சிருப்பாரு. சாயங்காலம் எங்கடைக்கே எண்ணெய்க்கு வந்தாலும் வருவாரு, பாத்துக்கோ."

கடைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"அண்ணே, அக்காவ மாத்திருவாவ. நேத்து நீ கோவத்துல எந்திரிச்சுப் போனது வேற. இது வேற."

அண்ணன் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தான். பிறகு பாறைப் பக்கம் திரும்பினான்.

"ஏலே சொரிமுத்து! எல்லாவனும் வாங்கலே. போயி 'உள்ளேன் ஐயா' சொல்லிட்டு ஓடி வந்துருங்க."

ஆறு பேரும் வந்தார்கள். ஒவ்வொருவன் தோளிலும் யார் யாருடையதோ வேட்டியும் சட்டையும் தொங்கின.

"அண்ணாச்சி, இது நாகர்கோவில்காரர் வேட்டி. அவரு தண்ணிக்குள்ள நிக்குதாரு" என்றான் சொரிமுத்து.

"எங்கிட்ட குடு."

"அவரு ஒம்மளப் பாத்ததில்லையே. களவாணின்னு நெனைப்பாரே."

"குடுல எடுபட்ட பயலே!"

நாங்கள் பஸ்ஸுக்கு ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். அண்ணன் இரண்டு கையிலும் ஊரான் வேட்டிகளை அணைத்துக்கொண்டு நின்றான். கோபத்தில் நின்றானா, சம்மதித்து நின்றானா, தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் ஆறு பேரும் சொட்டச் சொட்ட நுழைந்தபோது, இன்ஸ்பெக்டர் மூன்றாம் வகுப்பில் இருந்தார். வடக்கே ஆர்க்காட்டுப் பக்கத்துக்காரர். நெற்றியில் சின்ன விபூதிக் கீற்று. அதட்டிப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏன் இவங்க நனைஞ்சிருக்காங்க?" என்றார்.

"சாரல் சார்" என்றார் ஹெட்மாஸ்டர் கணபதிசுப்பிரமணியன். தென்காசியிலிருந்து சைக்கிளில் வருகிறவர். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எண்ணெய் வாசனை அடிக்குதே?"

"எங்க பக்கத்துச் சாரல் அப்படித்தான் சார்" என்று வாசலில் நின்ற ஒரு பெண் சொன்னாள். வெளியே சிரிப்பு. அதற்குள் விஷயம் பரவி, தாய்மார் பாதிப் பேர் சுவரோரம் வந்துவிட்டார்கள். அவர்களுக்குள் அண்ணன் பெண்டாட்டி, என் மதினி ரெங்கம்மாளும் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "இந்த வட்டாரத்துல சில பள்ளிக்கூடத்துல ஊர்லயே இல்லாத பிள்ளைங்க பேரை எழுதி வச்சிருக்காங்க. நான் ஒவ்வொரு பேரா கூப்பிடுவேன். பேருக்கு உரிய பிள்ளை எழுந்து நிக்கணும். அவ்வளவுதான்."

மூன்றாவதும் இரண்டாவதும் சரியாக வந்தன. அருவிப் பிள்ளைகள் ஆறு பேரும் சத்தமாக "உள்ளேன் ஐயா" என்றார்கள். ஒன்றாம் வகுப்பிலும் கடைசிப் பேர் வரைக்கும் தடங்கல் இல்லை. முப்பத்தொன்பது ஆகியிருந்தது. நான் மனசுக்குள் கூடவே எண்ணிக்கொண்டு வந்தேன்.

"சிவனணைந்தபெருமாள்" என்றார் இன்ஸ்பெக்டர்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

"சிவனணைந்தபெருமாள்."

முன் வரிசையில் என் அண்ணன் மகன் மூக்கை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூப்பிட்ட பேர் அவனுடையது. அது அவனுக்குத் தெரியாது.

அது என் அப்பாவின் பேர். தலைப்பேரனுக்குத் தாத்தா பேர் வைப்பது எங்கள் வழக்கம். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லாததும் வழக்கம். அதனால் மதினி பெற்ற பிள்ளையை "பெரியாளு" என்றுதான் கூப்பிடுவாள். அம்மாவும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். எனக்கும் அக்காவுக்கும் அப்படித் தடை ஒன்றும் இல்லை. ஆனால் அப்பா பேரைச் சொல்லி, "மூக்கை நோண்டாதலே" என்று எப்படி அதட்டுவது? ஆகவே ஊருக்கே அவன் பெரியாளு. ஜூன் மாதம் ஹெட்மாஸ்டர் அவன் கையைத் தலைக்கு மேலே வளைத்து மறு காதைத் தொடச் சொல்லிப் பார்த்தார். தொட்டான், சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு அண்ணன் சொன்னதோடு சரி. அதன் பிறகு அந்தப் பேரை அந்த அறையில் யாரும் உச்சரிக்கவில்லை. அக்காவும் தினமும் பெரியாளு என்றுதான் கூப்பிட்டு வருகை போட்டிருக்கிறாள்.

அக்கா ஓடிவந்து அவன் தோளைத் தொட்டாள். "சார், இந்தா இருக்கான் சார். இவன்தான்."

"தம்பி, உன் பேரு என்ன?"

"பெரியாளு."

"வேற பேரு?"

அவன் யோசித்தான். "வேற இல்ல."

நான் வாசலிலிருந்து சொன்னேன். "சார், அது எங்க அண்ணன் மகன்தான் சார்."

"நீங்க யாரு?"

"டீச்சர் தங்கச்சி."

"அப்ப நீங்க சொல்றதை நான் எடுத்துக்க முடியாதும்மா" என்றார். நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது. "டீச்சருக்கு ஒரு பிள்ளை குறையுது. டீச்சர் அண்ணன் மகன்னு ஒருத்தன் முன்னால உட்கார்ந்திருக்கான். அவனுக்கே அந்தப் பேரு தெரியலை. நான் என்னன்னு நினைக்கறது? இவனைப் பெத்தவங்க இருக்காங்களா?"

சுவரோரம் நின்ற பெண்கள் மதினியை முன்னால் தள்ளினார்கள். அவள் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இது உங்க பிள்ளைதானேம்மா?"

"ஆமா சார்."

"பேரைச் சொல்லுங்க."

மதினி தரையைப் பார்த்தாள்.

"பெத்த தாய்க்குப் பிள்ளை பேரு தெரியாதா?"

"தெரியும் சார். பெரியவுக பேரு சார்."

"எந்தப் பெரியவங்க?"

"எங்க வீட்டுப் பெரியவுக."

"அதான் என்ன பேரு?"

"சொல்லக்கூடாது சார்."

ஹெட்மாஸ்டர் ஏதோ விளக்க வந்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "எங்க ஊர்லயும் இதெல்லாம் உண்டு சார். ஆனா யார் வேணும்னாலும் இதையே சொல்லித் தப்பிச்சுக்கலாமே. தாய் சொல்லட்டும். இல்லைன்னா முப்பத்தொன்பதுன்னு எழுதிட்டுப் போறேன்."

அக்கா மதினியைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் பத்து நாளாகப் பேச்சு இல்லை. "கையெழுத்துப் போடத் தெரியாதவ கிட்ட என்ன பேச" என்று அக்கா ஒரு கோபத்தில் சொல்லியதை நான் முன்பே எழுதியிருக்கிறேன். இப்போது அக்கா கண்ணால் கெஞ்சினாள். மதினி அந்தக் கண்ணைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைத்தான் பார்த்தாள்.

"சார், குத்தாலத்துல கோயில் கொண்டுருக்குத சாமி யாரு?"

"என்னம்மா?"

"சொல்லுங்க சார்."

"குற்றாலநாதர்."

"அந்தச் சாமிய எல்லா ஊர்லயும் பொதுவா எப்படிச் சொல்லுவாவ?"

"சிவன்."

"அது மொதல்ல. வெளக்குல எண்ணெ தீந்து போச்சுன்னா என்ன ஆவும்?"

"அணைஞ்சு போகும்."

சுவரோரத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள். எங்கள் வீடுகளில் விளக்கை 'குளிர வை' என்றுதான் சொல்வோம். 'அணை' என்ற வார்த்தையை எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். மதினியும் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர்தான் சொன்னார். ஆனால் மதினி நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம் என்று அவளுக்கு அப்போது தோன்றியிருக்காது.

"பொரட்டாசி சனிக்கிழம யாருக்கு விரதம்?"

"பெருமாளுக்கு."

"மூணையும் சேத்துக்கிடுங்க சார். அதான் எம்பிள்ள பேரு."

இன்ஸ்பெக்டரின் உதடு அசைந்தது. சேர்த்துப் பார்த்தார். பிறகு, வந்ததிலிருந்து முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தார். ஹெட்மாஸ்டர் சிரித்தார். பெண்கள் சிரித்தார்கள். பெரியாளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தான்.

நானும் சிரித்துக்கொண்டே திரும்பினேன். கேட்டுக்கு வெளியே அப்பா நின்றார். வயலிலிருந்து வந்த கோலம், தோளில் மண்வெட்டி. எதிலிருந்து கேட்டாரோ தெரியாது. எல்லாரும் சிரித்து முடிப்பதற்குள் அவர் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்.

"நாற்பது" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா பென்சில்லதான் எழுதறேன். நாளைக்கு மறுபடியும் வருவேன். இவன் பேரைக் கூப்பிட்டா இவனே கையைத் தூக்கணும். தூக்கினா மையில எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

அவர் போனதும் அக்கா மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மதினி கையை உருவிக்கொண்டாள். "நான் ஒனக்காவச் சொல்லல. எம்பிள்ளைய இல்லாத பிள்ளன்னு சொல்லப் போனாரு. அதுக்குச் சொன்னேன்."

சாயங்காலம் தென்காசியில் டைப் கிளாஸில் ஒரு வரிகூடப் பிழையில்லாமல் அடிக்க முடியவில்லை. மாஸ்டர் தாளை உருவிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வீட்டுக்குப் போம்மா" என்று சொல்லிவிட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா குருவம்மாளின் குரல் தெருவுக்கே கேட்டது.

"பேரச் சொல்லித் தொலைச்சிருந்தாக்கூடப் போவட்டும். உசுரோட இருக்குத மனுசன் பேருல கொண்டுபோயி வெளக்கக் கோத்துட்டாளே!"

"நான் எங்கத்த சொன்னேன்? அவருல்லா சொன்னாரு" என்றாள் மதினி அடுப்படியிலிருந்து.

"கேட்டது யாரு? ஒங்கப்பனா?"

அண்ணன் கடையை மூடிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அக்கா தூணோரம் நின்றாள். அப்பா கட்டிலில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து, எதிரே இருந்த சாப்பாட்டைத் தொடாமல் இருந்தார். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசினால் மாற்றுகிறவரும் இல்லை.

"பாலம்மா" என்றார்.

"என்னப்பா?"

"சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். மாடன் மவன் கேக்கான், 'என்ன அண்ணாச்சி, வெளக்குல எண்ண இருக்கா?'ன்னு. அவன் வயசு என்ன, எவ்வயசு என்ன. கடையே சிரிக்குது."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளக் காலையில அந்தப் பேர நீயே அடிச்சிரு. பள்ளிக்கூடத்துல எம் பேரு கெடக்க வேண்டாம்."

"அப்பா, அடிச்சா முப்பத்தொம்போதுதான். நாளைக்குத்தான் அவரு கையெழுத்துப் போட வாராரு."

"அப்ப வேற பேரு போட்டுக்கோ."

"இன்னைக்கு ஒரு பேரு, நாளைக்கு ஒரு பேருன்னா, பொய்ப் பேருன்னு அவரே முடிவு பண்ணிருவாருப்பா. அப்புறம் மாத்தல் இல்ல, வேலையே போயிரும்."

அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். அக்கா அண்ணன் பக்கம் திரும்பினாள். அண்ணன் இரண்டு கையையும் விரித்தான்.

"என்ன எதுக்குப் பாக்க? ஆறு பேர அனுப்புன்னா, அனுப்புனேன். அந்த நாகர்கோவில்காரர் வேட்டியத் தேடி ஈரத்துண்டோட கடைகடையா ஏறி என்ன வைதுட்டுப் போனாரு. அதுக்கு மேல என்னால ஆவாது. அப்பா சொல்லுததுதான் சரி. பெரியாளு நாளைலருந்து எங்கூட வரட்டும். சாரல் முடியட்டும். அடுத்த வருசம் வேற பேருல சேத்துக்கிடலாம்."

"அடுத்த வருசம் நான் இங்கன இருக்கமாட்டேன்" என்றாள் அக்கா.

"இல்லன்னா என்ன? சர்க்கார் வேலைன்னா நாலு ஊரு பாக்க வேண்டியதுதான்."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தூணை விட்டு நகர்ந்து, ஐந்தாவது பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே அடுக்கியிருந்தவற்றைத்தான். எனக்குச் சொல்ல ஏதாவது இருந்திருக்க வேண்டும். காலையில் ஒரு தடவை வாயைத் திறந்து கெடுத்தது நினைவுக்கு வந்தது. 

அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. மதினி வாசலில் வந்து நின்றாள். மாமனார் முன்னால் வரும்போது எப்போதும் செய்வதுபோல் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். ஆனால் தலை குனியவில்லை. முற்றத்தில் பெரியாளு வாளித் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தான்.

மதினி அவனைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"ஏலே சிவனணைந்தபெருமாள்! கையக் கழுவிட்டுச் சாப்பிட வாலே."

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் பாதி எழுந்தவன் அப்படியே நின்றான்.

பையன் திரும்பவில்லை. அப்பாதான் திரும்பினார்.